தோழன் சொன்னதும் அமானிதமே!

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



திருப்பூர் நகரில் ஊத்துக்குளி சாலைப் பக்கமாக அமைந்திருப்பது மண்ணரை. பனியன் தொழிலை நம்பி வாழ்பவர்கள் நிறைந்த இடம். காலையில் கம்பெனிக்குள் நுழைந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் வெளியே வருகிறவனுக்குத் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நேரம் ஏது? பேசலாம் என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. பல ஊர்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து வாழும் இடம் அல்லவா? ஆகவே அறைக்குத் திரும்பியதும் கைபேசியை எடுக்கிறான். திண்ணை இப்போது அதற்குள் இருக்கிறது. முகம் பார்த்திராத நண்பர்கள் அங்கே கூடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கும், எனக்கு இப்படி ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக் கொள்கிறார்கள்.

இது கூடுமா, கூடாதா? கூடும் என்றால் அதன் எல்லை எது? இதைச் சிந்திக்க வைத்தது ஒரு நிகழ்ச்சி.

ஓவர்லாக் இயந்திரம் ஓட்டும் இளைஞர் ஒருவர். மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர். ஒருநாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் சென்ற பிறகும் பள்ளிவாசல் தூணோரம் உட்கார்ந்திருந்தார். அருகில் போய் விசாரித்தேன். புறா வளர்ப்போர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்திருந்தார். வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்ப்பவர். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக இரவுதோறும் பேச்சு. புறாவில் தொடங்கிய பேச்சு பிறகு மனசு வரை வந்தது. ஒருநாள் அந்த நண்பர், மவுத்தாகிவிட்ட தம் தாயாரின் வெள்ளைத் துப்பட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கொண்டால்தான் தமக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். வயது முப்பதைத் தாண்டியவர்!

நம் இளைஞர் அதை வேடிக்கையாக எண்ணி, மறுநாள் குழுவில் எழுதிவிட்டார். சிரிப்பு கிளம்பியது. யாரோ ஒருவர் அதைப் படமாக்கி ஸ்டிக்கர் செய்தார். அது வேறு குழுக்களுக்கும் போயிற்று. அந்த நண்பர் ஒரு சொல்லும் பேசாமல் குழுவை விட்டு வெளியேறினார். இவர் பதறிப்போய்த் தம் செய்தியை அழித்தார். அழித்து என்ன பயன்? அதற்குள் அது எத்தனையோ கைகளுக்குப் போய்விட்டது.

"ஹஜ்ரத், நான் பொய் சொல்லலையே! உள்ளதைத்தானே சொன்னேன்?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

சகோதரர்களே! அவர் கேட்ட கேள்வியை நம்மில் எத்தனை பேர் நம் மனத்துக்குள் கேட்டுச் சமாதானம் அடைந்திருக்கிறோம்!

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். நம்முடைய சின்னஞ்சிறு விருப்பங்களையும் விநோதமான பழக்கங்களையும் நண்பர்களிடம் சொல்லி மகிழ்வதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு தம்பி. சின்னஞ்சிறு பறவை ஒன்றை வைத்து விளையாடிக் கொண்டிருந்த குழந்தை. அது செத்துப்போக, குழந்தை வாடிவிட்டது. அந்த வீட்டுக்கு வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பறவை என்ன ஆயிற்று என்று அந்தக் குழந்தையிடமே பரிவோடு விசாரித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். ஓர் உம்மத்தின் சுமையைத் தாங்கிய திருநபிக்கு ஒரு குழந்தையின் பொழுதுபோக்கும் அற்பமாகத் தெரியவில்லை! ஷாஃபிஈ மத்ஹபின் பழம்பெரும் இமாம்களில் ஒருவரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு நபிமொழியிலிருந்து அறுபது படிப்பினைகளைத் தொகுத்துத் தனி ஏடே எழுதினார்கள்.

மேலும் பாருங்கள். எண்ணற்ற ஹதீஸ்களை நமக்கு எடுத்துத் தந்த அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் பெயருக்குப் பொருள் என்ன? பூனைக்குட்டிக்காரர்! ஆடு மேய்த்த காலத்தில் ஒரு பூனைக்குட்டியைக் கூடவே வைத்து விளையாடியதால் அப்பெயர் வந்ததென்று அவர்களே கூறியதைத் திர்மிதீ பதிவு செய்கிறது. அந்த விநோதப் பழக்கமே அழியாத பெயராக நிலைத்து விட்டது. ஆகவே, தம்பி புறா வளர்ப்பதும், அதைப் பற்றி நண்பரோடு பேசுவதும் குற்றமில்லை. பந்தயம் கட்டினால், மாடியில் நின்று அடுத்த வீட்டை நோட்டமிட்டால், தொழுகையை மறந்தால் அப்போது அது குற்றம்.

அப்படியானால் எங்கே தவறு நேர்ந்தது? அவருடைய கேள்விக்கு நாயகம் (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை தந்துவிட்டார்கள். புறம் பேசுவது என்றால் என்னவென்று தோழர்களிடம் விளக்கும்போது, நம் சகோதரன் வெறுக்கக் கூடியதை அவனைப் பற்றிச் சொல்வதே அது என்றார்கள். சொன்னது அவனிடம் உண்மையாகவே இருந்தால்? அப்போதுதான் அது புறம்; இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்று விளக்கம் தந்தார்கள். இது முஸ்லிமில் உள்ள நபிமொழி. ஆக, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது தப்பிக்கும் வழியல்ல. அதுவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம்! அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களில் அல்லாஹ் பரிகாசத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்துத் தடுத்திருப்பதன் காரணம் புரிகிறதல்லவா? மூன்றும் ஒரே சங்கிலியின் வளையங்கள்.

இன்னொரு நபிமொழியைக் கவனியுங்கள். ஒருவன் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தானானால், அந்தச் செய்தி அமானிதம் ஆகிவிடுகிறது என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூ தாவூதிலும் திர்மிதீயிலும் இடம் பெற்றுள்ளது. யாரிடமும் சொல்லாதே என்று அவன் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு திரும்பல் போதும்! என்ன நுட்பமான மார்க்கம்!

ஆனால் கைபேசியில் எழுதுகிறவன் திரும்பிப் பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியுமா? அந்த நண்பர் துப்பட்டியைப் பற்றி எழுதிய இரவில் எத்தனை முறை எழுதி அழித்தாரோ! பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் பார்க்கிறாரா என்று எத்தனை முறை திரும்பினாரோ! திரை அதைக் காட்டாது. நமக்கு அடையாளம் தெரியாத காரணத்தால், நண்பர் தனியாகச் சொன்ன ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்துச் சொன்னதாகவே நாம் கொள்ள வேண்டும். பேணுதல் அதுவே.

வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்திகள் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே செல்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அது திறந்துதான் கிடக்கிறது. அங்கே பூட்டாக இருக்க வேண்டியது நண்பனின் ஈமான்.

இது ஒரு குழுவோடு முடிகிற சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2013ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர், ஒருவரது குணத்தைக் கேள்விகள் கேட்டுக் கணித்துச் சொல்லும் செயலி ஒன்றை முகநூலுக்காக உருவாக்கினார். அன்றைய ஏற்பாட்டின்படி ஒருவர் இசைவு தந்தால், அவருடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்தே போய்விடும். அவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்ற செய்தி 2018 மார்ச்சில் அம்பலமானது. அடுத்த மாதம் முகநூல் நிறுவனமே கணக்குக் காட்டியது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். நண்பர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களோ 5,62,455 பேர்! உலக அளவில் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை. 2019இல் அமெரிக்க அரசு அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்த 335 பேரில் யாரும் நண்பர்களுக்குத் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். என்னைப் பற்றித்தானே, விளையாட்டுத்தானே என்று எண்ணியிருப்பார்கள். நம்முடையது என்று நாம் அள்ளிக் கொடுப்பதில் பிறருடையதும் கலந்திருக்கிறது என்பதே இதில் உள்ள பாடம்.

தாய்மார்களே! குடும்பத்துச் செய்திகளும் இப்படித்தான். கணவன் மனைவிக்கு இடையே உள்ள அந்தரங்கத்தை வெளியிடுபவர் மறுமையில் மிகக் கெட்ட நிலையில் இருப்பவர் என்று முஸ்லிமில் எச்சரிக்கை வந்துள்ளது. மகன் படுக்கையை நனைப்பதும், மாமியாரின் மறதியும், நாத்தனாரின் வரன் தட்டிப்போனதும் உங்கள் தோழிகளுக்கு வேடிக்கைக் கதையாகலாமா? அவை அந்த மகனுக்கும், மாமியாருக்கும், நாத்தனாருக்கும் உரிய அமானிதங்கள். நம்மைப் பற்றிச் சொல்வதற்கும் எல்லை உண்டு. இரவில் அல்லாஹ் மறைத்த தன் பாவத்தைக் காலையில் தானே பறைசாற்றுபவனை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பழக்கத்தைச் சொல்லலாம், பாவத்தைச் சொல்லிப் பெருமைப்படக் கூடாது.

இன்னும் ஒன்று. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும், முஸ்லிம் பெண்களின் படங்களை எடுத்து, அவர்களை ஏலம் விடுவதுபோல இழிவு செய்த இரண்டு செயலிகள் வெளிவந்தன. போலீசார் வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தனர். அந்தப் பெண்கள் ஏன் படம் போட்டார்கள் என்று கேட்டவர்கள் நம்மவர்களிலும் உண்டு. இது நீதியல்ல. எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஆனால் பழி கெடுத்தவன் மீதே, நம்பியவர் மீதல்ல. தாயின் துப்பட்டியை வைத்து உறங்கியவர் என்ன குற்றம் செய்தார்? தாயை நேசித்தார், ஒரு நண்பனை நம்பினார். அவ்வளவுதானே!

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். தாமதமாக வீடு திரும்பிய மகனிடம் தாய் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்க, அது இரகசியம் என்றார் சிறுவர். அந்தத் தாய் துருவவில்லை. அதை யாரிடமும் சொல்லாதே என்றே புத்தி கூறினார்கள். முஸ்லிமில் வரும் இந்நிகழ்ச்சி ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட வேண்டும். இரகசியம் காக்கும் பழக்கம் பிள்ளைக்குத் தாய் மடியில்தான் வர வேண்டும்.

நான் அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "தம்பி, இது மனிதனுடைய உரிமை. நீங்கள் அல்லாஹ்விடம் எவ்வளவு அழுதாலும் அவர் மன்னிக்காமல் இது தீராது. தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருவதற்கு முன்பே தீர்த்துக் கொள்ளுங்கள். அன்று நம் நன்மையை எடுத்துத்தான் அவருக்குக் கொடுக்கப்படும். எந்தக் குழுவில் சிரிக்க வைத்தீர்களோ, அதே குழுவில் நான் செய்தது துரோகம் என்று எழுதுங்கள். பிறகு அவரை அழையுங்கள்."

எழுதினார். அழைத்தார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அந்த நண்பரே அழைத்து, "மன்னிச்சிட்டேன் பாய். ஆனா இனி என்னால முன்ன மாதிரி பேச முடியாது" என்று சொன்னாராம். இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் உடைந்தது. மன்னிப்புக் கிடைத்தது, தோழமை திரும்பவில்லை. அந்த ஸ்டிக்கர் இன்னும் எந்தெந்தக் கைபேசியில் சுற்றுகிறதோ, அல்லாஹ்வே அறிவான்.

ஆகவே சகோதரர்களே! சிரியுங்கள், பேசுங்கள், புறாவைப் பற்றியும் பூனையைப் பற்றியும் சொல்லுங்கள். நண்பர் சொன்னதைப் பிறருக்கு அனுப்ப விரல் எழும்போது மட்டும் ஒரு கணம் நில்லுங்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் கொள்ளுங்கள்.

நம் நாவையும் விரலையும் அமானிதம் பேணுபவையாக வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! நம் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!