பெயரைப் பிரிக்கும் ஓர் எழுத்து

பெயர் தான் சுட்டும் பொருளோடு இயல்பாகவே பிணைந்ததா, மக்கள் வழக்கால் மட்டும் நிற்பதா என்ற வினாவுக்கு இந்தியாவில் மீமாம்சகர் முன்னதையும் நியாய நெறியினர் பின்னதையும் விடையாகக் கொண்டனர். சீனத்தில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கன்பூசிய அறிஞர் ஷுன்ஸி, எந்தப் பெயரும் தன்னளவில் பொருத்தமானதன்று, உடன்பாடே அதைப் பொருத்தமாக்குகிறது என்றார். ஆயினும் ஒன்றானதையும் வேறானதையும் பிரித்துக் காட்டுவது பெயரின் கடமை என்று அவரே வற்புறுத்தியதுதான் இங்கு முதன்மையானது.

சீன ஊர்ப்பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதிய வரலாறு இவ்விரு கூற்றுகளையும் சோதிக்கிறது. பீக்கிங் என்று வழங்கிய நகரம், 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் என்னும் எழுத்துமுறையில் பெய்ஜிங் ஆனபோது, ‘வடக்கு’, ‘தலைநகர்’ என்று பொருள்படும் அதன் இரு சீன எழுத்துகளும் அப்படியே இருந்தன. ஷுன்ஸியின் முதற்கூற்றுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒலியை நுணுகி நோக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. நெறி என்னும் பொருளுடைய ‘தாவோ’வின் முதலொலியை, வேட், கைல்ஸ் என்னும் ஆங்கிலேயர் இருவர் பெயரால் வழங்கும் பழைய முறை ‘டேபிள்’ என்பதன் முதலெழுத்தாலும், பின்யின் ‘டாக்டர்’ என்பதன் முதலெழுத்தாலும் எழுதின. மூலத்திலோ அது மூச்சு வெடிக்காத வல்லொலி. தமிழின் சொல்முதல் தகரமும் மூச்சின்றியே ஒலிப்பதால் ‘தாவோ’ என்னும் தமிழ் வடிவம் மூலத்துக்கு நெருங்கி நிற்கிறது. மூச்சொலியைக் காட்டப் பழைய முறை ஒரு மேற்குறியை இட்டது. தைபெய் நகரின் பெயரில் அக்குறி வழக்கில் உதிர்ந்துவிட்டதால், விதிப்படி படிப்பவர்க்கு அது வேறொரு பெயராகிவிடும்.

மஞ்சளாற்றின் இருபுறமும் அமைந்த இரு மாகாணங்களின் செய்தி இன்னும் ஆழமானது. இரண்டின் பெயரும் ஷான்ஷி; ஆனால் முதலசையின் தொனி, அதாவது பொருளையே மாற்றும் குரல்நிலை, கிழக்கு மாகாணத்தின் பெயரில் உயர்ந்து சமமாக நீள்கிறது, மேற்கு மாகாணத்தின் பெயரில் தாழ்ந்து ஒலிக்கிறது. தொனிக்குறியை விட்டால் பின்யினில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால், தொனியை எழுத்துக்கூட்டலிலேயே காட்டிய, 1928இல் அன்றைய அரசு ஏற்ற மற்றொரு முறையிலிருந்து ‘ஏ’ எழுத்தின் இரட்டிப்பைக் கடன் வாங்கி மேற்கு மாகாணத்தின் பெயரை எழுதினர். பின்யின் விதிக்கு இது புறம்பானது. பிரித்துக் காட்டும் கடமைக்கோ முற்றும் உரியது. தமிழில் இரண்டையும் ‘ஷான்ஷி’ என்றே எழுதினால், தைய்யுவானைத் தலைநகராகக் கொண்டது எது, சியானைத் தலைநகராகக் கொண்டது எது என்று அறியப் படிப்பவர் வரைபடத்தில் அந்த ஆற்றைத் தேட வேண்டியிருக்கும்.