‘பால் வேண்டாம்’ என்ற பொய்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கிலும் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் விளையும். கைவிட்டால் சீமைக்கருவேலமும் கரிமூட்டப் புகையுமே மிஞ்சும். குண்டாற்றில் நீரைக் கண்ட நாள்களைவிட மணலைக் கண்ட நாள்களே மிகுதி. இத்தகைய மண்ணில் ஒரு குவளைப் பால் என்பது வெறும் பானமன்று. அது அந்த வீட்டின் வரவு. மாடு வளர்ப்போர் வீட்டிலும் கறந்த பால் விடியுமுன்னே கூட்டுறவுச் சங்கத்திற்குப் போய்விடும். கறந்தவர் குடிப்பது கடுங்காப்பி. வரக்காப்பி என்றும் சொல்வார்கள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டாத இரவில் பக்கத்து வீட்டார் கொண்டுவந்து ஊற்றுவதும் அதுவே. ஆனால், விருந்தாளி வந்துவிட்டால் மட்டும் எப்படியாவது பால் வந்துவிடும்.

அவ்வாறு வந்த பாலை நான் ஒருமுறை மறுத்தேன். பல ஆண்டுகள் ஆகியும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

அப்போது நான் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வகுப்பில் கருத்தாகப் படித்த மாணவன் ஒருவன் இரண்டு வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. திருச்சுழிப் பக்கம் இருந்த அவனது சிற்றூருக்கு ஒரு மாலை சென்றேன். அவன் தாய் மிளகாய்க் காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். முந்தானையால் திண்ணையைத் துடைத்து என்னை அமரச் செய்தார். உள்ளே போய்ச் சிறுமி ஒருத்தியின் காதில் ஏதோ சொன்னார். அவள் ஒரு தூக்குச்சட்டியை மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியே நழுவினாள். கைமாற்றாகப் பால் வாங்கப் போகிறாள் என்பது எனக்கு விளங்கிற்று. இந்த ஏழைக்கு என்னால் ஒரு கடனா என்று மனம் பதைத்தது. “அம்மா, பாப்பாவைக் கூப்பிடுங்கள். எனக்குப் பால் ஆகாது. கடுங்காப்பியே போதும்” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், “பால் ஆகாதா சார், இல்ல எங்க வீட்டுப் பாலு ஆகாதா?” என்று கேட்டார்.

கதவோரம் அவருடைய மகன் நின்றிருந்தான். நாள்தோறும் காலை இடைவேளையில் கடைக்குச் சென்று எனக்குப் பால்காப்பி வாங்கி வருபவன் அவனே. அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

நான் இரக்கத்தால் சொன்ன சொல் ஏன் அந்தத் தாயைச் சுட்டது? நம் நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டில் ‘கை நனைப்பது’ என்பது பசி தீர்க்கும் செயல் மட்டுமன்று. யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் நெடியது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 1950இல் ஒழித்தது. 1955இல் அதற்கெனத் தனிச்சட்டமும் வந்தது. அதன் பின்னரும் எத்தனையோ தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைகள் இருந்ததை நம் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. கத்தோலிக்கராகிய நாமும் அக்கறையிலிருந்து தப்பியவர்கள் அல்லர். கோவிலில் பிரித்து அமர்த்தியதும், கல்லறையில் சுவர் எழுப்பியதும் நம் வரலாற்றில் உண்டு. “இப்போதுதான் குடித்தேன்”, “வயிறு சரியில்லை”, “பால் ஆகாது” என்னும் சாக்குகளை அந்தத் தாய் வாழ்நாளெல்லாம் கேட்டிருப்பார். நான் சொன்னதும் அவற்றுள் ஒன்றாகவே அவர் செவியில் விழுந்தது. சொன்னவன் கருத்து வேறு. கேட்டவர் பெற்ற காயம் வேறு. ஆயினும் காயம் காயமே அன்றோ?

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. பிறர் நலம் கருதிச் சொல்லும் பொய் பிழையாகுமா? புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி ஏறத்தாழ 395இல் ஒன்றும், 420இல் ஒன்றுமாக இரு நூல்கள் எழுதினார். எந்த நன்மைக்காகவும் பொய் சொல்லலாகாது என்பதே அவர் முடிபு. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் பொய்யை மூவகையாகப் பகுத்தார்: தீமை செய்யச் சொல்வது, நகைக்கச் சொல்வது, உதவச் சொல்வது. உதவச் சொல்வதன் குற்றம் மிகச் சிறிது. ஆயினும் அதுவும் குற்றமே என்றார். முன்னர் இதைப் படித்தபோது, ‘இவ்வளவு கண்டிப்பு எதற்கு?’ என்று எண்ணியதுண்டு. அன்றைய திண்ணையில் அமர்ந்தபோது அதன் காரணம் புரிந்தது. என் பொய்க்கு அடியில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருந்தது. ‘உன்னால் கொடுக்க இயலாது’ என்று அவரைக் கேட்காமலே நான் தீர்மானித்துவிட்டேன். இரக்கம் என்று நான் எண்ணியது, கொடுப்பவர் என்னும் இடத்திலிருந்து அவரை இறக்கியது.

இறைவாக்கினர் எலியா பஞ்சகாலத்தில் சாரிபாத்தின் கைம்பெண்ணிடம் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். அவளிடம் இருந்தது ஒரு கையளவு மாவும் சிறிது எண்ணெயும் மட்டுமே. அதனை அறிந்த பின்னும் அவர், ‘எனக்குப் பசியில்லை’ என்று நாகரிகமாக நழுவவில்லை. முதலில் தமக்கொரு சிறிய அப்பம் கேட்டார். சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவரும் தண்ணீர் கேட்டார். இரு சாதியாரும் ஒரே பாத்திரத்தைப் புழங்காத நாட்டில், அவள் குடத்து நீரைக் கேட்டதே ஒரு விடுதலைச் செய்தி. கொடுப்பது அன்பு, கொடுக்கவிடுவதும் அன்பே. பின்னதற்கு அதிகத் தாழ்மை வேண்டும்.

கடுங்காப்பி குடிப்பது எளிமையின் அடையாளம், ஆகவே அதுவே சிறந்தது என்று சிலர் கருதலாம். அதையும் சற்று ஆராய்வோம். பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி இன்று நகரங்களில் ஆரோக்கியம் என்றும் உயர்சுவை என்றும் போற்றப்படுகிறது. சர்க்கரைக்கு வசதியில்லாதோர் ஒருகாலத்தில் கடித்துக்கொண்ட கருப்பட்டி, இன்று சர்க்கரையைவிடப் பலமடங்கு விலை பெற்று நெடுஞ்சாலைக் கடைகளின் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. பொருள் அதுவே, மதிப்பு மட்டும் ஆளுக்கேற்ப மாறுகிறது. தவக்காலத்தில் பாலை விலக்குவோர் உண்டு; அது நல்ல பழக்கமே. ஆனால், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் கொள்ளலாகாது என்னும் 1964 முதலான ஒழுங்கின் முன், கடுங்காப்பியும் பால்காப்பியும் ஒன்றே. கசப்புக்கென்று தனிப் புண்ணியம் ஏதும் இல்லை.

விரும்பி விடுவது துறவு. கிடைக்காமல் விடுவது வறுமை. குவளையைப் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, இராமநாதபுரம் சீமை முதலிய வறண்ட பகுதிகளிலிருந்து நம் மக்கள் கடல் கடந்து, காட்டு வழியே நடந்து, பழம் பறிக்கப் போனார்கள். வழியிலேயே நோயால் மடிந்தவர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. உழைத்தவர் நிலை மட்டும் மாறவில்லை. அவர்கள் வாழ்வின் கசப்பை எவரும் எளிமை என்று புகழக்கூடாது. பால் வாங்க முடிந்தவன் பாலை விலக்கிவிட்டு, வாங்க முடியாதவர் முன் அதைப் பெருமையாகச் சொல்வதும் அழகன்று.

‘அப்படியானால் ஏழை வீட்டின் பாலையெல்லாம் விருந்தாளி குடித்துவிட வேண்டுமா? நாளை அந்தக் கடனை யார் அடைப்பது?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைமாற்றுப் பால் உண்மையான கடன். அடுத்த நாள் அது அந்தச் சிறுமியின் பங்கிலிருந்து குறையலாம். நீரிழிவு உள்ளவரும், உண்மையாகவே பால் ஒவ்வாதவரும் அதைச் சொல்வதில் தவறில்லை. மற்றவருக்கும் பொய்யில்லாத வழி ஒன்று உண்டு. “அம்மா, நீங்கள் குடிப்பதையே எனக்கும் கொடுங்கள், சேர்ந்து குடிப்போம்” என்று சொல்லலாம். அதில் மறுப்பு இல்லை, தீர்ப்பும் இல்லை. அதற்குப் பின்னும், ‘இல்லை, பால்தான் தருவேன்’ என்று அவர் சொன்னால், அது அவருடைய உரிமை. வாங்கிக் குடிப்பதே நம் கடமை. அன்று எனக்கு இந்தச் சொற்கள் வாயில் வரவில்லை. கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தையும் சரியாகப் பேசாமல் எழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் சென்றேன். அவர் வாய் திறக்குமுன், “அம்மா, காப்பி கிடைக்குமா?” என்று நானே கேட்டேன். அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார், பிறகு சிரித்தார். சிறுமி இம்முறை தூக்குச்சட்டியை மறைக்காமல் முன்வாசல் வழியே ஓடினாள். காப்பி வந்தது. பாலும் தாராளம், சர்க்கரை அதைவிடத் தாராளம். நிலைப்படியில் அமர்ந்து அவர் தம் கடுங்காப்பியைக் குடித்தார். அவர் கையிலிருந்த குவளையைப் பார்த்துக்கொண்டு என் இனிப்பைக் குடித்து முடிப்பது எளிதாக இல்லை. ஆயினும் ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

மகன் பள்ளிக்குத் திரும்பவில்லை. அருப்புக்கோட்டையில் தறி வேலைக்குப் போய்விட்டான் என்று அன்று அறிந்தேன். முதல் நாளே அந்தப் பாலை ஏற்று, அந்தத் திண்ணையில் இன்னும் ஒரு நாழிகை அமர்ந்து பேசியிருந்தால் அவன் வந்திருப்பானா என்பதை இறைவன் ஒருவரே அறிவார். அந்தக் கேள்வியை மட்டும் நான் இன்னும் சுமக்கிறேன்.