உயிரற்ற ஓடும் கள்ளாமை விரதமும்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, சாத்தனூர்ச் சாலைகளில் மிதிவண்டியில் செல்வோர்க்கு அந்நிலம் பெருவியப்பு. மழைநீர் அரித்துப் பிளந்த களிமண் பள்ளங்கள். புல்லும் அரிதாகிய மேடுகள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரிகளின் எச்சங்கள் மண் கரையக் கரைய வெளிப்படுகின்றன.

மிதிவண்டியில் செல்வோர்க்கு இறங்குதல் எளிது; கை நீட்டுதலும் எளிது. "ஓட்டில் உயிர் இல்லையே, எடுத்தால் என்ன பாவம்?" என இளைஞர் வினவக்கூடும்.

கொல்லாமை மட்டுமே நம் விரதமன்று. கொடாததைக் கொள்ளாமையும் இல்லறத்தார்க்குரிய அணுவிரதமே. கீழே விழுந்து கிடப்பதையும், பிறர் மறந்து விட்டதையும் எடுத்தலாகாது என்பது சிராவக நெறி. ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதிலேயே அதன் வரலாறு உள்ளது. பெயர்த்து அலமாரியில் வைத்தால் நமக்குக் கிடைப்பது ஒரு கல். பின்வருவோர் இழப்பது ஒரு சான்று.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை 1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அறிவித்தார். கிடந்த இடத்திலேயே காக்கப்படுவதால் அன்றோ இன்றும் அனைவரும் காண்கின்றோம்!

"அரியலூரில் சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புப் பாறையையே வெட்டுகின்றனரே; நாம் எடுக்கும் ஒரு கல்லாலா குறை?" எனலாம். பிறர் கொள்ளும் மிகுதி நம் விரதத்திற்கு அளவுகோல் ஆகாது. விரதம் நம் கையைக் கட்டுவதற்கே ஏற்பட்டது. ஆகவே, கண்ணாரக் கண்டு, வெறுங்கையுடன் மீள்வோமாக.