பொதி சுமப்பவனின் அமானிதம்

அமானிதம் என்றதும் நமக்குப் பணமும் நகையும்தான் நினைவுக்கு வருகின்றன. அன்றாடக் கூலி வேலைக்குள் அது எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் என் மாணவனொருவன், பொதி விநியோக நிறுவனமொன்றில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தான். சில நாட்களில் என்னிடம் கேட்டான்: "பெட்டிக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியா சேர். ஹறாமான சாமான் இருந்தா, நான் எடுக்கிற கூலி ஹலாலா?"

மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. ஆசிரியனாக எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். தெரியாமலிருப்பது வேறு; தெரிந்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு. தெளிவான அடையாளம் கண்டால் சுமக்க மறுக்க வேண்டும். மற்றப்படி மூடிய பெட்டி பிறருடைய அந்தரங்கம். அதைத் திறக்காதிருப்பதே நேர்மை.

அவன் கேட்காத கேள்விதான் எனக்குக் கடினமாகத் தெரிகிறது. ஒவ்வொரு பொதிக்கும் அவன் கைத்தொலைபேசியில் ஒரு சொல்லைப் பதிய வேண்டும்: ஒப்படைக்கப்பட்டது, வீட்டில் ஆளில்லை, அழைப்புக்குப் பதிலில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளுக்கு இலக்கமில்லை. "பள்ளிவாசலுக்குப் பின்னால்" என்பதே முகவரி. உச்சி வெயிலில், கடைசிப் பொதிக்காக இன்னும் மூன்று கிலோமீற்றர் போகாமலே "ஆளில்லை" என்று பதிந்துவிடலாம். பொதி களவு போகவில்லை, பத்திரமாகத் திரும்பிவிடும். ஆனால் காசை எடுத்துவைத்து வாசலைப் பார்த்துக் கொண்டிருந்த பெண்ணொருத்திக்கு எதிராக, அவளறியாமல் ஒரு பொய்ச் சாட்சியம் எழுதப்பட்டுவிட்டது.

நபி (ஸல்) அவர்களும் கதீஜா (ரழி) அவர்களின் வணிகப் பொருட்களைச் சிரியாவுக்குக் கொண்டு சென்றவர்கள்தாம். கி.பி. 622இல் மக்காவை விட்டு வெளியேறியபோது, தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலி (ரழி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்தான இரவிலும் பொருள் பத்திரமாக இருந்தால் போதுமென்று அவர்கள் கருதவில்லை. சூரத்துந் நிஸாவின் 58ஆம் வசனம் வற்புறுத்துவதும் அதைத்தான்: அமானிதம் உரியவரின் கையைச் சேர வேண்டும்.

இதில் முதலாளிக்கும் பங்குண்டு. 2022 ஓகஸ்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிடப்பட்டபோது, வீண் பயணமொன்றின் விலையை நாடே உணர்ந்தது. ஒப்படைத்த பொதிக்கு மட்டும் கூலி, வீணான பயணம் பையனின் நட்டம் என்றொரு நிறுவனம் கணக்குப் பார்த்தால், அது உண்மைக்குத் தண்டம் விதிக்கிறது. தமக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்தெடுத்துப் பிறருக்குக் குறைத்தளப்போரை எச்சரிக்கும் 'அல் முதஃப்பிஃபீன்' அத்தியாயம் தராசு பிடிப்போருக்கு மட்டும் இறங்கியதல்ல. ஆயினும் முதலாளியின் பங்கு, பொய்யைப் பதிந்த விரலைக் கழுவிவிடாது.

நமக்கும் பங்குண்டு. ஆசைப்பட்டுப் பொருளை வரவழைக்கிறோம். மனம் மாறியதும் அழைப்பை எடுக்காமல் இருந்துவிடுகிறோம். பொதிகாரன் வாசலுக்கே வந்துவிட்டால், "வாப்பா வீட்டில இல்லையெண்டு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோம். பிள்ளையும் போய் அப்படியே சொல்லிவிட்டு வருகிறது.