இரகசியம் யாருடைய பொறுப்பு?

என் மின்னஞ்சல் பெட்டியில் எனக்கே வாசிக்க முடியாத கடிதங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் ஒரே நண்பர் எழுதியவை. அவர் இன்று இல்லை.

2008இல் யுத்தம் கடுமையாக நடந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் கதைக்கும்போதும் சொற்களை எண்ணித்தான் கதைத்தோம். வெளிநாட்டிலிருந்த அவர்தான், இனி மின்னஞ்சலைப் பூட்டி அனுப்புவோம் என்றார். நாம் அனுப்புவது உறையிலிட்ட கடிதமல்ல, வெறும் தபாலட்டை என்பது அவருடைய விளக்கம். பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991இல் வெளியிட்ட பி.ஜி.பி. மென்பொருளின் வழிமுறை அது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்றை யாருக்கும் கொடுக்கலாம், அதனால் பூட்ட மட்டுமே முடியும். திறக்கும் சாவி நம்மிடமே இருக்கும். கேட்பதற்கு இலகுவாக இருந்தது. ஆனால் முதலாவது கடிதத்தைத் திறக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

அதை என் அறியாமை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 1999இல் விட்டன், டைகர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் அறிந்தேன். மின்னஞ்சலில் பழக்கமுள்ள 12 பேருக்கு இதே மென்பொருளையும் 90 நிமிடங்களையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானோரால் சரியாகப் பூட்டி அனுப்ப முடியவில்லை. சிலர் இரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வருடம் எழுதிக்கொண்டோம். பிறகு என் கணனி பழுதடைந்தது. சாவி அதற்குள்தான் இருந்தது. பிரதியெடுத்து வைக்கும்படி நண்பர் சொல்லியிருந்தார், நான்தான் நாளை நாளை என்று விட்டுவிட்டேன். பழைய கடிதங்களை அவரிடமே மீண்டும் கேட்டு வாங்கலாம் என்றிருந்தபோது மௌத்துச் செய்தி முந்திக்கொண்டது.

நாங்கள் பாவித்த முறை கடிதத்தின் தலைப்பை மறைப்பதில்லை. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பதையும் மறைப்பதில்லை. அதனால் தலைப்புகளை இன்றும் வாசிக்கலாம். ‘உம்மாவின் கண்’ என்று ஒன்று. ‘திரும்பி வருவது பற்றி’ என்று இன்னொன்று. திறந்தால் எழுத்தும் இலக்கமும் கலந்த குப்பை. உளவு பார்ப்பவருக்குப் பயன்படக்கூடிய எங்கள் தொடர்பு வெளியே தெரிகிறது, எனக்கு வேண்டிய சொற்கள் உள்ளே கிடக்கின்றன.

ஆகவே பூட்டே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு இரகசியம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லாமலிருக்கலாம், என்னை நம்பி எழுதியவருக்கு இருக்கலாமல்லவா? கடிதம் அவருடைய அமானிதம். அதைக் காக்கும் சுமையை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி.

என் உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சவூதியிலிருந்து வாப்பா எழுதிய கடிதங்களைப் பக்கத்து வீட்டு ராத்தாதான் வாசித்துக் காட்டுவார். சில இடங்களில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தையும் வெளியே போனதில்லை. உம்மா எந்த வித்தையும் கற்கவில்லை. கடிதம் யார் கையில் போனதோ, அவர்தான் அதைக் காத்தார்.

2016இல் வட்ஸ்அப் தன் பாவனையாளர்கள் எல்லோருடைய செய்திகளையும், அவர்கள் எதுவும் செய்யாமலே, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கும்படி பூட்டத் தொடங்கியது. சாவி என்ற பேச்சையே கேட்டிராதவர்களும் இன்று பூட்டிய செய்தி அனுப்புகிறார்கள். மின்னஞ்சல் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை, பல நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று பேசவேண்டியிருப்பதால் அங்கே இது கடினம்தான். ஆனால் அந்தக் கடினத்தைச் சாதாரண மனிதரின் தலையில் சுமத்திவிட்டு, தவறினால் ‘நீ கவனமில்லை’ என்பது நியாயமல்ல. உயிராபத்தோடு எழுதும் ஒரு செய்தியாளர் அதைக் கற்கத்தான் வேண்டும், சாவிக்குப் பிரதியும் வைக்கவேண்டும். மற்றவர்களை நான் வற்புறுத்தமாட்டேன்.

நண்பரின் இரகசியத்தை நான் காப்பாற்றிவிட்டதாக ஒருவர் சொன்னார். அமானிதம் காப்பதோடு முடிவதில்லை, உரியவர் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். போன வருடம் அவருடைய மகள் வந்திருந்தாள். “சாச்சா, வாப்பா உங்களுக்கு என்னதான் எழுதுவார்?” என்று கேட்டாள். கணனியைத் திறந்து தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.