காட்சியும் கடப்பாடும்

எல்லவின் மலைப்பாதையில் பதின்ம வயது மகளுடன் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் தந்தையொருவர், 1921இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் புகையிரதப் பாலத்தைக் காட்டி வியக்கிறார் எனக் கொள்க. அழகை நுகர்தல் குற்றமன்று. ஆயின், தேயிலைச் சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அக்காட்சியுள் அடங்கிவிடுகிறாள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. மனிதரைப் பங்கிட்ட கணக்கு அது!

இதனை உரைப்பின் மகளின் விடுமுறை இன்பம் குன்றும் என்பர். குன்றலாம். ஏற்றத்தில் வண்டியை உருட்டி மூச்சிரைப்பவள், சுமையுடன் அதே சரிவை நாளும் ஏறுபவளைத் தானாகவே கண்டு வினவவுங் கூடும். வினவிய பின்னரும் தந்தை பாலத்தையே சுட்டிக்கொண்டிருப்பாராயின், அது பொய்யுரைத்தலின் ஒரு வகையேயாம்.