இடைகழியில் நான்காமவர்

முன்பின் அறியாத இருவர் மார்போடு மார்பு சாய்ந்து பத்து நிமிடம் ஆடுகிறார்கள். பிறகு நன்றி சொல்லிப் பிரிந்து அவரவர் நாற்காலிக்குத் திரும்புகிறார்கள். மிலோங்கா எனப்படும் டாங்கோ கூடங்களில் இது அன்றாடம் நடப்பது. இந்த நெருக்கம் பாவமா, பொழுதுபோக்கா, வழிபாட்டின் அருகில் வைக்கத் தக்கதா? 1914இல் பாரிஸ் பேராயர் கர்தினால் அமெத், கிறிஸ்தவர்கள் மனச்சாட்சிப்படி டாங்கோ ஆடக் கூடாது என்று கண்டித்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2014 டிசம்பர் 17 அன்று, புவனோஸ் ஐரிஸில் பிறந்த போப் பிரான்சிஸின் பிறந்தநாளுக்காக வத்திக்கான் வாசலிலேயே நூற்றுக்கணக்கானோர் ஜோடி ஜோடியாக டாங்கோ ஆடினார்கள்.

இந்தக் கேள்வியைத் தமிழ் மண்ணில் கேட்பதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். கல்வராயன் மலையில் கரியாலூரிலிருந்து கீழே இறங்கி, கச்சிராயபாளையத்துக் கரும்பாலையைக் கடந்து, தென்பெண்ணைக் கரைக்குப் போனால் திருக்கோவிலூர். நெருக்கத்தைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்ட கதைகளில் மிக ஆழமானது அங்கேதான் நடக்கிறது.

மழை இரவு. காஞ்சியில் பிறந்த பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் ஒதுங்கிப் படுக்கிறார். கடல்மல்லையின் பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று இருவரும் உட்காருகிறார்கள். மயிலையின் பேயாழ்வார் வருகிறார். மூவரும் எழுந்து நிற்கிறார்கள். அந்த இருட்டில் நான்காவதாக யாரோ நெருக்குவது தெரிகிறது. விளக்கு இல்லை. யாரென்று காண முதல் இருவரும் பாட்டையே விளக்காக ஏற்ற, பேயாழ்வார் தாம் கண்டதைப் பாடினார் என்பது வைணவ மரபு. நூறு நூறு வெண்பாக்களாக மூன்று திருவந்தாதிகள் அப்படிப் பிறந்தன. வந்து நெருக்கியவர் திருமால். இந்த ஊர்ப் பெருமாள்மீது வேதாந்த தேசிகர் பாடிய தேஹளீச ஸ்துதி, ஆலையில் நசுங்கிய கரும்பு சாறு தருவதைப் போல ஆழ்வார்களுக்கிடையே நெருங்கி இனிமை தந்தவன் என்று அவரைப் போற்றுகிறது.

இந்தக் கதையில் தெய்வம் கருவறையில் காத்திருக்கவில்லை. வெவ்வேறு ஊர்க்காரர் மூவர் தோள் உரச நிற்கும் இடத்தைத் தேடி வருகிறது. மனித உடல்களின் நெருக்கம் அதற்குத் தடையாகவில்லை, வழியாகிறது. திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதியிலும் முருகன் மலைமகளிரின் தோள் தழுவி ஆடுகிறான். தொட்டு ஆடும் தெய்வம் தமிழுக்குப் புதிதல்ல. தீண்டினால் தீட்டு என்ற சாதி வழக்கம்தான் இந்த நினைவை மூடி மறைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது; ஆனால் பக்கத்தில் நிற்பவரின் கையைத் தயக்கமின்றிப் பற்றும் பழக்கத்தைச் சட்டம் தந்துவிட முடியாது. அதற்கு ஒரு பயிற்சிக்களம் வேண்டும். ஆட்டத்தை ஒரு சமூகமாக வளர்ப்பவர்கள் அத்தகைய களத்தைத்தான் அமைக்கிறார்கள்.

வேற்று நாட்டு ஆட்டம் இங்கே எதற்கு என்ற கேள்வி உடனே எழும். டாங்கோவுக்கே ஒற்றைத் தாய்வீடு கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள புவனோஸ் ஐரிஸ், மொண்டேவீடியோ நகரங்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இத்தாலி, ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்தவர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. அதன் உயிரான பாண்டோனியோன், நம் ஆர்மோனியத்துக்கு உறவான துருத்திக் கருவி, ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்து ஹைன்ரிஹ் பாண்ட் பெயரைத் தாங்கியது. பின்லாந்துக்காரர்கள் டாங்கோவைத் தங்கள் மொழியிலேயே பாடி, செய்னயோகி நகரில் 1985 முதல் அதற்கு விழா எடுக்கிறார்கள். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபுக்கதையும் இடம்பெயர்வில்தான் தொடங்குகிறது. தங்கள் முன்னோர் கரிராமன் என்ற தெய்வத்தோடு காஞ்சியிலிருந்து மலையேறியதாக அவர்கள் சொல்கிறார்கள். தெய்வமே குடிபெயர்ந்து வந்து வேர்விட்ட மலை இது.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் டாங்கோ ஆடுவோர் ஏற்கெனவே கூடுகிறார்கள். 2019 வரை கள்ளக்குறிச்சியும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது.

அடவுகளைக் கற்றுக்கொடுத்துவிட்டால் சமூகம் உருவாகிவிடாது. மிலோங்காவைத் தாங்கி நிற்பவை அதன் எழுதப்படாத ஒழுங்குகள். கூடத்தின் மறுகோடியிலிருந்து கண்ணால் கேட்க வேண்டும். எதிரே இருப்பவர் தலையசைத்தால் மட்டுமே எழ வேண்டும். காபெசேயோ என்பது இதுதான். விருப்பமில்லாத பெண் பார்வையை வேறு பக்கம் திருப்பினால் போதும். யாருக்கும் அவமானம் இல்லை, யாரும் காரணம் கேட்பதில்லை. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாந்தா. அது முடிந்ததும் வேறு வகை இசை சிறிது ஒலிக்கும், அணைப்பு விலகும். ஜோடிகள் எல்லாம் இடஞ்சுழியாக ஒரே திசையில் நகர்வதால் ஒருவர் மற்றவரை இடிப்பதில்லை. இந்த ஒழுங்கைக் கைவிட்ட குழு, பெண்களுக்கு ஆபத்தான இடமாகச் சீக்கிரமே மாறிவிடும். பெண் வர அஞ்சும் கூடத்தில் எவ்வளவு நேர்த்தியாக ஆடினாலும் அதைச் சமூகம் என்று அழைக்க முடியாது.

ஆனால் இதே ஒழுங்கில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஆழ்வார்களை மழை ஒன்று சேர்த்தது. மிலோங்காவில் விருப்பம் சேர்க்கிறது. மறுக்கும் உரிமை இருக்கும் இடத்தில், வாய் திறக்காமலே ஒருவரை ஒதுக்கவும் முடியும். வயதானவர், நிறம் கறுத்தவர், புதியவர், சாதி தெரிந்துபோனவர் மாலை முழுதும் சுவரோரம் உட்கார்ந்திருக்கலாம். அவர்களை ஒதுக்கியதாக ஒருவர்மீதும் குற்றம் சாட்ட இயலாது.

மறுப்பைப் பறித்து இதற்குத் தீர்வு காணக் கூடாது. கட்டாய அணைப்பு வன்முறை. வழி காட்டுவது பொய்கையாழ்வார்தான். முதலில் வந்தவர் அவர். தனியே கால்நீட்டித் தூங்கியிருக்கலாம். எழுந்து உட்கார்ந்தார், பிறகு எழுந்து நின்றார். இடம் விடும் பொறுப்பு, ஏற்கெனவே உள்ளே இருப்பவருடையது.

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகம் இதை வேறொரு விதத்தில் காட்டுகிறது. சித்திரையில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கைகள் கூத்தாண்டவர் கோயிலுக்கு வந்து, பாரதப் போரில் களப்பலியான அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், இரவெல்லாம் ஆடுகிறார்கள், மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள். பிறந்த வீடுகள் துரத்திய பலருக்கு, ஆண்டுதோறும் வந்து சேர்வதே உறவாகிறது. முதல்முறை வருபவரை மூத்தவர்கள் மகளாக ஏற்றுக்கொள்வதும் உண்டு.

கள்ளக்குறிச்சியிலோ கரியாலூரிலோ நாளை யாராவது ஒரு பள்ளிக்கூட அறையில் டாங்கோ தொடங்கினால், பாதம் வைக்கும் முறைக்கு முன்னால் இரண்டைப் பழக்க வேண்டும். பார்வையால் கேட்பதும் பார்வையால் மறுப்பதும் ஒன்று. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மாலையும் ஒரு தாந்தாவையாவது புதியவருக்கென்று ஒதுக்குவது மற்றொன்று. அதையும் கண்ணால் கேட்டு, அவர் தலையசைத்த பிறகு.